தலையில் இல்லாத பூ

ஒக்டோபர் 6, திங்கள்

சிரொக்கோ. ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் மணல் காற்று. யன்னல் விளிம்பில் விரல் வைத்தால் மஞ்சள் தூசி. நேற்றுக் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி வாளிக்குள். தலைவலி.

வேலைக்குப் போகும் வழியில் சிகரெட் கடையில் நிற்கவில்லை. கடைக்காரர் என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கையைத் தட்டுக்கு உயர்த்தினார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மனிதர் தன் தலையைச் சொறிந்துகொண்டார். பாவம். பலேர்மோவில் என் பெயரை ஒழுங்காக உச்சரிக்கிற ஒரே இத்தாலியர்.

காரணத்தை எழுதி வைக்கிறேன், மனம் தடுமாறும்போது பார்க்க. புது வேலை வீடு, சினியோரா ஃபெதெரிக்கா, கைக்குழந்தை. போன வாரம் குழந்தையை என் கையில் இருந்து வாங்கியவர் அதன் தலையை மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தவில்லை. "பவானி, வெளியில் நீ என்ன செய்தாலும் அது உன் விருப்பம். என் பிள்ளையின் தலையில் சிகரெட் மணக்கக் கூடாது." இப்படி மெதுவாகச் சொல்கிறவர்கள் இரண்டாம் முறை சொல்வதில்லை, ஆளை மாற்றிவிடுவார்கள். தை மாதம் பெர்மெசோ, இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் போய் எதைக் காட்டுவது.

ஆகவே வேப், பற்றறிச் சிகரெட். ஸ்டேஷன் பக்கக் கடையில் சனிக்கிழமை வாங்கினேன். விற்பவர் கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருக்கிறார், ஆனால் பேச்சு ஆஸ்பத்திரி நேர்ஸ் மாதிரி. எப்படி இழுப்பது, எப்படிச் சார்ஜ் போடுவது, உள்ளே இருக்கும் கம்பியும் பஞ்சும் கருகினால் எப்படி மாற்றுவது, எல்லாம் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கம்பிக்கு ரெசிஸ்தென்ஸா என்று பெயர். சிகரெட்டுக்கு இப்படி ஒரு பாடமும் வேண்டியிருக்கவில்லை. பழைய வேலை வீட்டுச் சினியோரா எல்வீரா கொளுத்திக் கையில் தந்தார், இருமினேன், பழகிவிட்டது.

துணி மறுபடி பிழிந்து, இம்முறை அறைக்குள்ளேயே கொடி கட்டியாயிற்று.

ஒக்டோபர் 7, செவ்வாய்

காற்று இன்னும் விடவில்லை.

இந்த வேப்பில் எனக்குப் பிடிக்காதவை. புகையிலைச் சுவை என்று சொல்லித் தந்தது அடிப்பிடித்த சோற்றுச் சட்டி. ஆழமாக இழுத்தால் வாய்க்குள் சூடான எண்ணெய்த் துளி. மெதுவாக இழுத்தால் ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் கைப்பைக்குள் ஒழுகி, திருநீற்றுப் பொட்டலம் களிம்பாகிவிட்டது. அதையும் பூசிக்கொண்டுதான் போனேன், நெற்றி நாள் முழுவதும் பிசுபிசு.

எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல்: இது முடிவதில்லை. சிகரெட் முடியும். நசுக்கிவிட்டு உள்ளே போகலாம். சினியோரா எல்வீராவும் நானும் ஒன்று முடியும் வரைதான் கதைப்போம். முடிந்தால் அவர் "சரி" என்று கதிரையை விட்டு எழும்புவார், நான் பாத்திரத்துக்குப் போவேன். இன்று மதியம் குழந்தை தூங்கியதும் பின்பக்கப் படிக்கட்டில் நின்று இழுத்தேன். எப்போது நிறுத்துவது என்றே தெரியவில்லை. யாரும் "சரி" என்று சொல்லவில்லை. குழந்தை அழும் வரை நின்றேன்.

வாங்க: கராம்பு, பால், பெரிய சவர்க்காரம், ரெசிஸ்தென்ஸா.

கராம்பு பழக்கத்தில் எழுதிவிட்டேன். இனி எதற்கு. இத்தனை வருடமும் கராம்பும் ஏலக்காயும் மென்று, வாரத்தில் பாதி நாள் தலைமுழுகி, ஒரு தமிழ்ச் சனத்துக்கும் தெரியாமல் காப்பாற்றினேன். மாடியில் இருக்கும் கமலா அக்காவுக்குக்கூடத் தெரியாது. பின்னேரம் தவறாமல் இறங்கி வந்து கதவைத் தட்டி, என் கட்டிலில் இருந்து தேநீர் குடித்து, தொலைபேசியில் நாடகம் பார்த்து, வில்லிக்குச் சாபம் போட்டுவிட்டுப் போகிறவர். மூக்கு நல்ல கூர்மை. பக்கத்து வீட்டு மீன் பழையதா புதியதா என்று படியில் நின்றே சொல்லுவார். அவரையே ஏமாற்றியிருக்கிறேன். பெண் சிகரெட் பிடிக்கிறாள் என்றால் எங்கள் சனம் என்ன சொல்லும் என்று எழுதத் தேவையில்லை. விதவை பிடிக்கிறாள் என்றால் அதற்கு மேல்.

ஒக்டோபர் 8, புதன்

காற்று நின்றது. கொஞ்சம் மழை, சேற்று நிறத்தில்.

சினியோரா எல்வீரா வடக்கே போலோனியாவில் இருந்து அழைத்தார். மகள் அங்கே கூட்டிப்போன நாள் தொட்டுக் குரல் சின்னதாகிக்கொண்டே போகிறது. அவருக்கும் மகள் வேப் வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம், டொக்டர் சிகரெட்டை அடியோடு மறித்துவிட்டார்.

"எனக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருக்கிறது, பவானி. வாயில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், முடிந்ததா என்று மகளைக் கேட்கிறேன்."

சிரித்தேன். அவரும். பிறகு, சேர்ந்து ஒன்று இழுப்போமா என்று கேட்டார். நான் படிக்கட்டில், அவர் அங்கே பால்கனியில். அவர் மூச்சு இழுப்பது கேட்டது. முன்பு அவர் ஒரு இழுவைக்கு ஒரு கதை சொல்லுவார்: செத்துப்போன கணவர், மீன்காரன், மேல்வீட்டுக்காரியின் நாய். இன்று இருவரும் இழுத்துக்கொண்டே இருந்தோம், கதை வரவில்லை. மகள் கூப்பிட்டாள். வைத்துவிட்டார்.

கோட்டு இன்னும் என் அலுமாரியில் தொங்குகிறது. அவருடைய கணவரின் கறுப்புக் கம்பளிக் கோட்டு. முன்பு அவர் வீட்டுப் பால்கனிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். உடுப்பில் மணம் ஏறாமல் இருக்க, புகைக்கும்போது மட்டும் நான் அதைப் போடுவேன். போகும்போது "இது உன்னுடையது" என்று கொடுத்தார். இன்று அலுமாரியைத் திறந்து, மூக்கை வைத்துவிட்டு, மூடினேன். வேறு என்ன செய்வது.

ஒக்டோபர் 10, வெள்ளி

வெயில். பல்லாரோ சந்தையில் நல்ல முருங்கையிலை. சுத்தம் செய்ய ஒரு மணித்தியாலம், சுண்டினால் ஒரு பிடி.

புகையிலைச் சுவையைத் தொடர்ந்தால் செத்துவிடுவேன் என்று கடைக்குப் போனேன். புதினா தந்தார்: இருமல். வனிலா: குழந்தைக்குக் கொடுக்கும் பிஸ்கட். மாம்பழம்: மாம்பழம் தின்ற ஒருவரும் அதை மாம்பழம் என்று சொல்ல மாட்டார்கள். பிறகு தானே கலக்கியது என்று ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். ஜெல்சொமீனோ. இங்கே வத்தகப்பழக் களிக்கு மேல் தூவுவார்களே, அந்தப் பூ. மல்லிகை.

இழுத்தேன். தொண்டை எரியவில்லை. மணம் அசல்.

என் புத்தி வேலை செய்தது பார்: சிகரெட் மணம் என்றால் ஒளிக்க வேண்டும், மாம்பழம் என்றால் என்ன மணக்கிறது என்று கேட்பார்கள், ஒரு தமிழ்ப் பொம்பிளையில் மல்லிகை மணத்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது. பெரிய போத்தலாகவே வாங்கினேன். வழி முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் கமலா அக்கா வந்து இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். தேநீரை வழக்கத்தை விடக் கெதியாகக் குடித்தார். நாடகம் முழுதும் பார்க்கவில்லை. வில்லி இன்று சாபம் வாங்காமல் தப்பினாள்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மப்பு. மழை இல்லை.

எங்கள் சனத்து ராணியின் மகள் பெரியவளாகிச் சாமத்தியவீடு. ஊருக்கு வெளியே வாடகை மண்டபம். காலையிலேயே போய் வடைக்கு அரைத்தேன். சடங்கு நேரத்தில் நான் எப்போதும் சட்டியடியில்தான். யாரும் போகச் சொல்வதில்லை, ஆலாத்தித் தட்டு வெளியே வரும்போது நானே உள்ளே போய்விடுவேன். எல்லாருக்கும் சுகம். பெண்பிள்ளை மேடையில் இருந்து தாயிடம், "அம்மா, இந்தச் சீலை பிஸ்ஸிக்கா, கழட்டட்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது குசினி வரை கேட்டது. பிஸ்ஸிக்கா என்றால் கடிக்கிறது. பாவம், அந்தச் சரிகை யாரைத்தான் கடிக்காது.

இரண்டு தரம் பின்பக்கம் போய் இழுத்தேன். சீலைக்குப் பை இல்லாததால் வேப்பை இடுப்பில் செருகியிருந்தேன். அது ஒழுகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வேறு என்ன மணக்கும்.

வடைத் தட்டோடு வெளியே வந்தேன். ராணி கிட்ட வந்தவள் நின்றாள். "அக்கா, பூ வைச்சனீங்களோ?" என்று கேட்டு என் கொண்டையைப் பார்த்தாள். கொண்டையில் ஒன்றுமில்லை. இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தட்டோடு வந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் கதை. ஒன்று ராணியின் குரல், மற்றது யாரென்று தெரியவில்லை.

"தலையிலை பூ இல்லை. மணம் மட்டும் இருக்கு."

"அப்ப இரவு வைச்சிருக்கிறா. காலமை எடுத்துப்போட்டு வந்திருக்கிறா."

"ஆருக்காம்?"

"அதைக் கமலாக்காவைத்தான் கேக்கோணும். ஒரே கட்டடம் தானே."

தட்டோடு அப்படியே நின்றேன். கடையில் அந்தப் போத்தலை வாங்கும்போது எல்லாவற்றையும் யோசித்தேன், நான் பூ வைக்கிறவள் இல்லை என்பது ஒன்றைத் தவிர. என் புருஷன் வன்னியில், போரின் கடைசி மாதங்களில் போனார். அன்று தொட்டு ஒரு பூ இந்தத் தலையில் ஏறவில்லை. அந்தக் கடையில் எனக்கு நான் விதவை என்பதே மறந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது, ஒரு பக்கம் சிரிப்பும்.

திரையை விலக்கி, "வடை ஆறமுன்னம் எடுங்கோ" என்றேன். எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் கமலா அக்கா முன் ஆசனத்தில். நான் பின்னால். என் பக்கத்து ஆசனம் காலி. பெரிய சட்டி ஒன்றை அதில் வைத்துவிட்டு வந்தோம்.

ஒக்டோபர் 13, திங்கள்

சினியோரா ஃபெதெரிக்கா இன்று என் தோளை மோந்துவிட்டு, "நல்ல மணம், பவானி, என்ன சவர்க்காரம்?" என்று கேட்டார். பெயர் தெரியாது என்றேன். குழந்தை என் கழுத்துக்குள் முகத்தை வைத்துத் தூங்கியது. வேலை தப்பியது. ஒரு பக்கம் தப்பினால் மறு பக்கம்.

பின்னேரம் தேநீர் இரண்டு கோப்பை ஊற்றினேன். கமலா அக்கா வரவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. வரவில்லை. மேலே நடக்கும் சத்தம் கேட்டது, படி வரை வந்து திரும்பின சத்தமும். எனக்கு அப்படிக் கேட்டதோ தெரியாது.

நாடகம் தனியாகப் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் அது எவ்வளவு மோசம் என்று தெரிகிறது.

ஒக்டோபர் 16, வியாழன்

பல்லாரோவில் எங்கள் ஆட்களின் கடை. செத்தல் மிளகாய், தேங்காய்ப் பால். உள்ளே தயாபரன் நின்றார், ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகத்தில் சமைக்கிறவர், மனைவி இறந்தவர். என்னைக் கண்டதும் எடுத்த கொத்தமல்லியைத் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே போனார். கடைக்காரர் தராசைப் பார்த்துச் சிரித்தார்.

விளங்கிவிட்டது. ஒரு மழை நாளில் மனிதர் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பல பேர் கண்டிருப்பார்கள். வழி முழுக்கக் கார்க் கண்ணாடி துடைக்கிற தடி சரியில்லை என்பதைத்தான் கதைத்தார். அதுதான் எங்கள் காதல்.

பாவம் அந்த மனிதர். கொத்தமல்லிகூட வாங்க முடியாமல் பண்ணிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். மல்லிகையை நிறுத்தினால், ஆள் விட்டிட்டுப் போய்விட்டான் என்பார்கள். நிறுத்தாவிட்டால், இன்னும் நடக்குது என்பார்கள். உண்மையைச் சொன்னால் சிகரெட்காரி. சிகரெட்டுக்கே திரும்பினால் ஒருவரும் ஒன்றும் கதைக்க மாட்டார்கள், ஆனால் வேலை போகும். சனத்துக்கு ஒரு மணம், சினியோராவுக்கு ஒரு மணம், எனக்கென்று ஒரு மூக்கு இல்லை.

கால் தானாகச் சிகரெட் கடைக்குப் போனது. கடைக்காரருக்கு முகம் மலர்ந்தது, "பவானி" என்றார், கையை உயர்த்தினார். வாங்கினேன். வீட்டுக்கு வந்து, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, யன்னலைத் திறந்து, ஒன்றை வாயில் வைத்தேன். லைட்டர் இல்லை. எல்லாவற்றையும் வேப் வாங்கிய சனிக்கிழமை வீரமாகக் குப்பையில் போட்டிருந்தேன். அடுப்பு மின்சார அடுப்பு. அதில் வைத்துக் கொளுத்தலாம், செய்திருக்கிறேன்.

ஆனால் அடுப்படிக்குப் போகவில்லை. கொளுத்தாத சிகரெட்டோடு கோட்டுக்குள் இருந்தேன். எனக்குச் சிகரெட் வேண்டியிருக்கவில்லை. யாராவது கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மேலே கமலா அக்கா கதிரை இழுக்கிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில், மாசில்லாத வானம். மலை கிட்ட வந்த மாதிரித் தெரிந்தது.

வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, நானே மேலே ஏறிப் போய் கமலா அக்காவின் கதவைத் தட்டினேன். புருஷன் வேலையில். அக்கா கீரை கடைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதவை முழுதாகத் திறந்தார், ஆனால் முகத்தில் ஒரு சங்கடம். எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று பார்த்த மாதிரி.

வேப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதென்ன, பேனையோ?"

எடுத்து இழுத்து ஊதினேன். வெள்ளைப் புகை கீரைச் சட்டிக்கு மேலாலே போனது. அக்கா முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்து மோந்தார். அந்தக் கூர்மையான மூக்கு. மோந்தவர் அப்படியே நின்றார்.

"இதோ அந்த மணம்?"

"ஓம் அக்கா."

"எவ்வளவு காலமா?"

"இது இந்த மாசம்தான். சிகரெட் கனகாலம். சினியோரா எல்வீரா வீட்டிலை பழகினது."

அடுப்பை நிறுத்திவிட்டு இருந்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். என்னென்ன சொல்லப்போகிறார் என்று வரும் வழியிலேயே கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மறுமொழியும் வைத்திருந்தேன். அவர் அந்த ஒன்றையும் கேட்கவில்லை.

"அப்ப ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை அக்கா."

"தயாபரன்?"

"அந்தாள் பாவம். ஒருநாள் காரிலை ஏத்தினவர். அவ்வளவுதான்."

அக்கா மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"நான் ஏன் கீழை வராமல் விட்டனான் எண்டு நினைச்சனி?"

"கோவமெண்டு. வெக்கமெண்டு."

"விசரி. வேலையாலை வந்து பின்னேரத்திலை ரெண்டு பேருமா இருந்து தேத்தண்ணி குடிப்பியள் எண்டு நினைச்சன். நான் வந்து தட்டினா அந்தாள் எங்கை ஓடி ஒளிக்கிறது, உன்ரை அறையிலை அலுமாரியைத் தவிர வேறை என்ன கிடக்கு. செவ்வாய்க்கிழமை படி வரைக்கும் வந்திட்டு, இடைஞ்சல் குடுக்கக்கூடாதெண்டு திரும்பிப் போட்டன். ராணிக்கும் சொல்லிப்போட்டன், அவளின்ரை சீவியம், நீ வாயைப் பொத்து எண்டு."

கதிரையை இழுத்து எதிரே இருந்தேன்.

"எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமோ" என்றார். வேப்பைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது தானோ. சும்மா ஒரு பற்றறி."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்காவுக்கு உண்மையிலேயே ஏமாற்றம். சிகரெட்டுக்காக இல்லை. கீரையில் ஒரு கிண்ணம் மூடித் தந்தார். வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார்:

"சிகரெட் கதையை ஒருத்தருக்கும் விடாதை. ஆள் இருக்கெண்டே நினைக்கட்டும். அது பறவாயில்லை."

இறங்கும்போது நடுப்படியில் இருந்து அழுதேன். வெட்கத்துக்கு இல்லை. நான் கீழே தனியாக இரண்டு கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த பின்னேரங்களில், மேலே கமலா அக்காவின் தலைக்குள் நான் தனியாக இருக்கவில்லை. அங்கே ஒருவர் வந்து போயிருக்கிறார், என் கட்டிலில் இருந்து தேநீர் குடித்திருக்கிறார். அவரை நான்தான் இன்று கொன்றுவிட்டு வந்தேன்.

கீரைக்குள் உப்புக் காணாது. இருந்தும் முழுவதும் தின்றேன்.

ஒக்டோபர் 18, சனி

சிகரெட் பெட்டியைக் கீழ்வீட்டுக் கிழவனுக்குக் கொடுத்தேன். ஏன் ஒன்று குறைகிறது என்று கேட்டான். கோட்டுப் பைக்குள் கிடக்கிறது, அதைக் கொடுக்கவில்லை.

வேப் கடை. புது ரெசிஸ்தென்ஸா, ஒழுகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம். கழுத்தில் பச்சை குத்தினவர், மணமே இல்லாத லிக்குயிட்டும் இருக்கிறது, சிலர் அதைத்தான் விரும்புவார்கள் என்றார். ஒரு இழுவை தந்தார். வெறும் ஆவி. நான் அங்கே நிற்கிறேன் என்றே யாருக்கும் தெரியாது. சும்மா இரு பவானி, இதை வாங்கு, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்று புத்தி சொன்னது.

"பழையதே தாருங்கள்" என்றேன். "ஜெல்சொமீனோவா?" என்று கேட்டார். ஓம் என்று தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. கமலா அக்கா. கட்டிலில் இருந்து, "போடு நாடகத்தை" என்றார். நான் யன்னலடியில் நின்று இழுத்தேன், முதல் தரம் என் அறையில் ஒருவருக்கு முன்னால், ஒளிக்காமல். அக்கா மூக்கைச் சுருக்கி, "கெதியா முடி" என்றார். முடிவதில்லை என்று விளக்கவில்லை. நிறுத்தினேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

விடிய மெல்லிய குளிர். இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறினோம். வழமையான ஆட்கள், வழமையான கல் பாதை. சிலர் வெறுங்காலோடு. சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாதையில் ஒருவரும் பிரிப்பதில்லை, முழங்கால் வலிக்கிறவர்கள், வலிக்காதவர்கள் என்ற இரண்டு சாதிதான்.

கமலா அக்கா என்னோடு நடந்தார். இரண்டாம் வளைவில் ராணி பின்தங்கி எங்களோடு சேர்ந்தாள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். வரட்டும் என்று.

"அக்கா, கோவமோ?"

"என்னத்துக்கு."

"நான் அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது. கமலாக்கா நல்லா ஏசிப்போட்டா." மூச்சு வாங்கினாள். "அவர் மலைக்கு வாறேல்லையோ?"

கமலா அக்கா கடலைப் பார்த்தார். கீழே மொண்டெல்லோக் கடற்கரை வெறுமையாகக் கிடந்தது, கோடைக் குடைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

"அவருக்கு ஏற்றம் ஏலாது" என்றேன். "மூச்சு வாங்கும்."

"தயாபரண்ணை இல்லையாமே. அந்தாள் சாமி மேல சத்தியம் பண்ணுறார்."

"அவர் இல்லை."

"ஆரெண்டாலும் இருக்கட்டும் அக்கா. உங்களை நல்லாப் பாக்கிறாரோ?"

"குறையில்லை. சத்தம் போடாத மனுசன்."

ராணி கைப்பைக்குள் இருந்து ஈரத்துணியில் சுற்றியதை எடுத்தாள். அவள் வீட்டுப் பால்கனிச் சாடியில் பூத்த மல்லிகை, கட்டிய சரம். தனக்கென்று கொண்டுவந்தது. பாதியைப் பல்லால் கடித்து அறுத்து என் கையில் வைத்தாள்.

"இனி ஒளிக்கத் தேவையில்லை. வைச்சுக்கொண்டே வாங்கோ."

வாங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சிகரெட் கடைக்காரரின் நினைவு வந்தது. மேலே குகைக் கோயிலுக்குப் போய் ரொசாலியாவின் காலடியில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கமலா அக்கா பின்னால் வந்து, ஒன்றும் பேசாமல், தன் தலையில் இருந்து ஒரு ஊசியை எடுத்து என் கொண்டையில் குத்திவிட்டார். தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. கனமே இல்லை.

மேலே போய் என்ன கும்பிட்டேன் என்று நினைவில்லை. இறங்கும்போது இரண்டு தெரியாத பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு.

வீட்டுக்கு வரச் சாப்பாட்டு நேரம். கமலா அக்கா புருஷனுக்குச் சமைக்க மேலே போய்விட்டார், பின்னேரம் வாறன் என்றார். கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தேன். பூவைக் கழற்றி மேசையில் வைத்தேன். பக்கத்தில் அவர், சின்ன நீல வெளிச்சத்தோடு, சார்ஜில்.